நோர்ஸ் புராணக் கதைகள நம்ம பிள்ளைங்களுக்குத் தமிழ்ல சொல்றப்ப எவ்வளவு மாத்தலாம்?

தலவாக்கலை_டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். தலவாக்கலைப் பக்கம் தோட்டத்து ஸ்கூல் ஒண்ணுல படிச்சுக் குடுக்குறேன். பின்னேரத்துல தரம் 8, 9 பிள்ளைங்கள சேத்து ஒரு வாசிப்பு வட்டம் நடத்துறோம், அதுல இந்த வருசம் வெளிநாட்டுப் புராணக் கதைங்கள எடுத்திருக்கோம், பிள்ளைங்களுக்கு தோர், லோகி, ஓடின் எல்லாரையும் படத்துல பாத்து நல்லாத் தெரியும், ஆனா இது ஐஸ்லாந்து, நோர்வே பக்கம் சனங்க நெசமாவே கும்பிட்ட சாமிங்க, படத்துக்கு முன்னாலயே எழுநூறு எண்ணூறு வருசப் பழைய ஏட்டுல இருக்குன்னு சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க. அதனால ஒரு சின்னப் புத்தகமா எழுதி ஃபோட்டோகொப்பி எடுத்துக் குடுக்கலாம்னு ஆசை.

கேட்க வேண்டியது நாலு இருக்கு. கதைய எழுத்துத் தமிழ்ல எழுதுறதா பேசுற மாதிரி எழுதுறதா. படத்துல பாத்ததுக்கும் ஏட்டுல உள்ளதுக்கும் வித்தியாசத்த அங்கங்க நிறுத்தி விளக்கணுமா. கூட வேலை செய்ற ஒருத்தர், ஓடின பெரிய தொரையாவும் அரக்கர்கள வேற ஏதாவதாவும் மாத்தி தோட்டத்துலயே நடக்குற மாதிரி எழுதுங்க, அப்பதான் ஒட்டும்ங்கிறாரு, அது சரியா. கடைசியா, லோகிய அவன் மகனோட குடலாலயே கல்லுல கட்டிப் போடுற மாதிரி எடமெல்லாம் வருது, அதையெல்லாம் பிள்ளைங்களுக்கு எப்படிச் சொல்றது. தெரிஞ்சவங்க மனசுல உள்ளத சொல்லுங்க.

பழைய_ஏடு:

டீச்சர், ரொம்ப நல்ல வேலை. மாத்துறத பத்தி யோசிக்க முந்தி ஒரு விசயம். நம்ம கைக்கு வந்துருக்கிறதே ஒருத்தர் திருப்பிச் சொன்ன கதைதான். ஐஸ்லாந்து 1000ஆம் ஆண்டு வாக்குலயே கிறிஸ்தவத்துக்கு மாறிருச்சு, ஸ்நோரி ஸ்துர்லுசன்ற ஐஸ்லாந்துக்காரரு இந்தக் கதைங்கள 'எட்டா'ன்ற புத்தகமா எழுதினது 1220 வாக்குல, அவரும் கிறிஸ்தவர்தான். அப்ப ஏன் எழுதினாரு? பழைய பாட்டுல தங்கம்னு நேரா சொல்ல மாட்டாங்க, சிஃப்போட கூந்தல்னு பாடுவாங்க. சிஃப் தோரோட பொண்டாட்டி, லோகி வம்புக்கு அவ முடிய வெட்டிட்டான், அப்புறம் குள்ளருங்க தங்கத்துல முடி செஞ்சு குடுத்தாங்கன்ற கதை தெரிஞ்சாத்தான் பாட்டு புரியும், இளசுகளுக்கு கதை மறந்துட்டே வந்துச்சு, அதுக்குத்தான் உக்காந்து எழுதினாரு. நம்ம சி.வி.வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாட்டுங்கள தேடிச் சேத்து வச்சதுக்குப் பின்னால என்ன கவல இருந்துச்சோ அதே கவலதான்னு நெனைக்கிறேன்.

ஸ்நோரி கைய வச்ச எடமும் இருக்கு, அவரோட முன்னுரையில இந்த சாமிங்க எல்லாரும் திராய் நகரத்துப் பக்கமிருந்து வந்த மனுசங்க, பின்னால சனங்க சாமியாக்கிட்டாங்கன்னு சொல்றாரு. பழைய பாட்டுங்க தனியா இன்னொரு ஏட்டுல இருக்கு, 1270 வாக்குல எழுதின தோல் ஏடு, ரொம்ப காலம் டென்மார்க் ராசாகிட்ட கெடந்து 1971லதான் ஐஸ்லாந்துக்குத் திரும்பி வந்துச்சு. அதுலயும் நடுவுல எட்டு ஏட்ட காணோம். காணாமப் போனது நாகத்த கொன்ன வீரன் சிகுர்டோட கதையில நடுப்பகுதி, அந்த எடத்த பிற்பாடு எழுதின உரைநடைக் கதைய வச்சுத்தான் இட்டு நெரப்புறாங்க. அதனால மூலத்துல உள்ளது உள்ளபடின்னு ஒண்ணு கெடையாது, யார் சொன்னது எப்ப சொன்னதுன்றதுதான் இருக்கு.

படத்த பத்தி. நடுவுல நிறுத்தி விளக்காதீங்க, கதை செத்துப் போயிரும். முன்னால ஒரு பக்கத்துல நறுக்குன்னு சொல்லிருங்க, ஏட்டுல தோர் செந்தாடிக்காரரு, லோகி அவருக்குத் தம்பி கெடையாது, ஓடினுக்கு ரத்தம் கலந்து சத்தியம் பண்ணின கூட்டாளி, செத்தவங்க லோகத்த ஆள்ற ஹெல் ஓடினுக்கு மகள் இல்ல, லோகியோட மகள். அவ்வளவு போதும், மிச்சத்த பிள்ளைங்களே கண்டுபுடிச்சு சண்ட போடட்டும்.

நடை பேச்சாவே இருக்கட்டும். தோர் தன்னோட ஆட்டு வண்டில போய் ஒரு குடியானவன் வீட்டுல ராத்தங்குற கதைய நான் இப்படித்தான் சொல்லுவேன், பாருங்க:

"தோர் வண்டி இழுக்குற ரெண்டு ஆட்டையும் அவுத்து, வெட்டி, உரிச்சு, சட்டியில போட்டாரு. அந்த வீட்டுக்காரனையும் பொண்டாட்டியையும் மகன் தியால்விய மகள் ரோஸ்க்வாவ எல்லாரையும் வாங்க சாப்பிடலாம்னு கூப்பிட்டாரு. ரெண்டு தோலையும் அடுப்புக்கு அந்தாண்ட விரிச்சு, எலும்ப எல்லாம் இதுல போடுங்கன்னாரு. தியால்விக்கு நல்லி மேல ஆச. கத்திய எடுத்து தொட எலும்ப நெடுக்கப் பொளந்து உறிஞ்சிட்டு தோல் மேல போட்டுட்டான். விடியக் கருக்கல்ல தோர் எழும்பி, சம்மட்டிய எடுத்து தோலுக்கு மேல தூக்கிப் புடிச்சாரு. ஆடு ரெண்டும் எழும்பி நின்னுச்சு. ஒண்ணு பின்னங்கால நொண்டுச்சு. தோர் ஒண்ணும் பேசல. புருவம் எறங்கி கண்ண மூடிருச்சு, சம்மட்டிப் புடிய புடிச்ச புடில வெரல் மொளி வெளுத்துப் போச்சு. வீட்டுல உள்ளவங்க எல்லாம் ஓன்னு அழுது, எங்ககிட்ட இருக்குறத எல்லாம் எடுத்துக்கங்க சாமின்னாங்க. அவங்க பயந்தத பாத்ததும் அவருக்குக் கோவம் போயிருச்சு. பிள்ளைங்க ரெண்டையும் மட்டும் கூட்டிக்கிட்டாரு, அதுலருந்து தியால்வியும் ரோஸ்க்வாவும் அவரு கூடயே போறாங்க."

புருவமும் வெரல் மொளியும் நான் சேத்தது இல்ல, ஸ்நோரி எழுதினது. எட்டு நூறு வருசத்துக்கு முந்தின ஆளு ஒருத்தரு கோவத்த சொல்றதுக்கு கண்ணு செவந்துச்சு பல்ல கடிச்சாருன்னு போகாம வெளுத்துப் போன வெரல காட்டுறாரு, எனக்கு இத நெனைக்கிறப்பல்லாம் சிலிர்க்கும். இத மாதிரி எடத்துல தயவுசெஞ்சு கைய வச்சுராதீங்க.

மஸ்கெலியா_மழை:

நான் டீச்சரோட கூட வேலை செய்றவரு பக்கம். தோட்டத்துக்கே கொண்டு வாங்க. இடம் மாத்துறது பாவம்னா ஐரோப்பாக்காரங்க எல்லாரும் பாவிங்கதான். ஹூணர்களோட ராசா அட்டிலா நெசமான ஆளு, 453ல செத்தாரு, அவரு நோர்ஸ் கதையில அட்லின்னு தங்கத்துக்கு ஆசப்பட்ட கொடுங்கோலனா வர்றாரு, அதே ஆளு 1200 வாக்குல ஜெர்மன்ல எழுதின நிபெலுங்கன் பாட்டுல எட்சல்னு நல்ல விருந்தாளி ராசாவா வர்றாரு. அந்தப் பாட்டுல அவரோட அரமனையில இருக்கிற டீட்ரிச்ன்ற வீரன் யாருன்னா தியோடோரிக்ன்ற ராசாவ வச்சு வந்த பாத்திரம், நெச தியோடோரிக் பொறந்ததே அட்டிலா செத்ததுக்கு அப்புறம். காலத்தையே இப்படி மடிச்சுப் போட்டு சொன்ன கதைங்கள நம்ம மட்டும் ஏன் கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்சுக் காட்டணும்? பெரட்டுக்களத்துல தோர் வந்து நிக்கட்டுமே, ஃபெக்டரிக்குப் பின்னால ஃபென்ரிர் ஓநாய கட்டட்டுமே, பிள்ளைங்க கண்ணு முன்னால நடக்கும்.

பழைய_ஏடு:

தம்பி சொன்ன அட்டிலா விசயம் முழுக்க சரி, அத நானும் ஒத்துக்கிறேன். ஆனா அது ஒரே ராத்திரில ஒருத்தரு மாத்தினது இல்ல, நூத்துக்கணக்கான வருசம் வாய்க்கு வாய் போய் மாறினது, கேட்டவங்களுக்கு எல்லாம் பழைய கதை ஏற்கனவே தெரியும். நம்ம பிள்ளைங்க இப்பத்தான் முதல் தடவ கேக்குறாங்க. முதல் தடவ கேக்குறவனுக்கு ஊர மாத்திக் குடுத்தா ரெண்டையும் இழந்துருவான்.

தொரை விசயத்துல எனக்கு இதவிடப் பெரிய மறுப்பு இருக்கு. ஓடின் தொரை கெடையாது. ஒரு கண்ண புடுங்கி மிமிரோட கெணத்துல போட்டுட்டு ஒரு வாய் அறிவுத் தண்ணி குடிச்சவரு, ஈட்டி குத்தின ஒடம்போட ஒம்பது ராத்திரி மரத்துல தொங்கி ரூன் எழுத்துங்கள எடுத்தவரு, அகலமான தொப்பிய போட்டுக்கிட்டு யாருன்னு சொல்லாம வீடு வீடா போய் கேள்வி கேக்குறவரு. கடைசியில அந்த ஓநாய் தன்ன முழுங்கிரும்னு அவருக்கு முன்னாலயே தெரியும், தெரிஞ்சும் ஆள் சேத்துக்கிட்டே இருக்காரு. அவர போய் பெரிய தொரையாக்கினா பிள்ளைங்க கண்ணுக்கு பங்களாவுல உக்காந்து அதிகாரம் பண்றவரா மட்டும்தான் தெரிவாரு. கதையோட உசுரே போயிரும்.

காமன்பொட்டல்:

டீச்சர், நான் படிச்சவன் இல்ல, கூத்து ஆடுற குடும்பம், அதனால கூத்து வழியில சொல்றேன். எங்க தோட்டத்துல மாசி மாசம் காமன் கம்பம் நட்டு கூத்து ஆடுவோம், ரதி மன்மதன் கதை எந்தக் காலத்துல எந்த தேசத்துல நடந்துச்சுன்னு யாரும் மாத்துறது இல்ல, கைலாயம் கைலாயமாத்தான் இருக்கு, சிவன் சிவனாத்தான் இருக்காரு. ஆனா பாட்டு நம்ம ராகம், தப்பு நம்ம தப்பு, ரதி ஒப்பாரி வைக்கிறது நம்ம லயத்துப் பொம்பளைங்க எப்படி ஒப்பாரி வைப்பாங்களோ அப்படி. கதை நடக்குற எடத்த மாத்த வேணாம், சொல்ற வாய மட்டும் நம்ம வாயாக்குங்க. பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் இப்படித்தான் கடல் தாண்டி வந்த சனத்தோட வந்து இத்தன தலமுறையா நிக்குது.

நீங்க பால்டர் கதைய சேத்தீங்களான்னு தெரியல, சேக்கலன்னா சேத்துக்கங்க. என் மகன் ஃபோன்ல வாசிச்சுக் காட்டினான், கேட்டுட்டு ரெண்டு நாளா மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. தாய்க்காரி ஃப்ரிக் ஒலகத்துல உள்ள எல்லாத்துகிட்டயும் என் மகனத் தொட மாட்டோம்னு சத்தியம் வாங்குறா, நெருப்பு, தண்ணி, இரும்பு, கல்லு, நோய், பாம்பு எல்லாம் சத்தியம் பண்ணிருச்சு, புல்லுருவிய மட்டும் சின்னது தானேன்னு விட்டுட்டா. அப்புறம் சாமிங்க எல்லாம் வட்டமா நின்னு பால்டர் மேல கல்ல எறியிறதும் வெட்டுறதும் வெளையாட்டாப் போச்சு, ஒண்ணும் படல. ஒரு ஓரமா அவன் அண்ணன் தம்பி ஹோட்ன்னு ஒருத்தன் கண்ணு தெரியாம சும்மா நிக்கிறான். லோகி போய், நீ ஏன்பா எறியலன்னு கேட்டு, புல்லுருவிக் குச்சிய அவன் கையில குடுத்து, நிக்கிற எடத்தையும் காட்டி விடுறான். அவ்வளவுதான், பால்டர் விழுந்துட்டான்.

பெறகு ஹெல் சொல்றா, ஒலகத்துல உள்ளது எல்லாம் அவனுக்காக அழுதா திருப்பி அனுப்புறேன்னு. எல்லாம் அழுவுது. மனுசன், மிருகம், மண்ணு, கல்லு, மரம், இரும்பு எல்லாம். குளிர்ல கெடந்த இரும்ப சூடான எடத்துக்குக் கொண்டு வந்தா தண்ணி கோத்துக்கிட்டு நிக்கிறத நீங்க பாத்துருப்பீங்களே, அதுதான் அந்த அழுகன்னு அந்த ஐஸ்லாந்துக்காரரு எழுதியிருக்காராம். தை மாசம் நுவரெலியாப் பக்கம் வெடியக்காலையில கொழுந்து பனியில கருகிக் கெடக்குறப்ப வெளியில இருந்த கத்திய குசினிக்குள்ள கொண்டாந்தா எப்படி வேர்க்கும்னு நம்ம பிள்ளைங்களுக்கு சொல்லித் தரணுமா? அந்த எடத்துல நீங்க ஒண்ணும் மாத்தவே வேணாம், அது நம்ம குளிருதான்.

ஆனா ஒரு கெழவி மட்டும் குகைக்குள்ள உக்காந்துக்கிட்டு நான் அழ மாட்டேங்குறா, அது லோகிதான் வேசம் போட்டு வந்ததுன்னு சொல்றாங்க. பால்டர் திரும்பல. நம்ம கதையில ரதி ஒருத்தி அழுது காமன வாங்கிட்டு வந்துர்றா, அங்க ஒலகமே அழுதும் ஒருத்தி அழாததால போயிருச்சு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பிள்ளைங்ககிட்ட பேசுங்க, ஆனா பால்டர்தான் மன்மதன், ஓடின்தான் சிவன்னு எழுதிராதீங்க, அப்படிச் சொன்னா அந்த வித்தியாசம் மறைஞ்சு போயிரும்.

மஸ்கெலியா_மழை:

அண்ணே, நீங்க சொன்ன அந்த இரும்பு வேர்க்குற எடம் என்ன யோசிக்க வச்சிருச்சு. சரி, இடத்த விட்டுருவோம். ஆனா பொருளுங்கள நம்ம பேர்ல சொல்லலாம்ல, டீச்சர் மீட் அது இதுன்னு எழுதிக்கிட்டு இருக்க வேணாம், தேன் கள்ளுன்னா முடிஞ்சுது. பிள்ளைங்கள எழுதச் சொன்னா நான் இப்பவும் தோட்டத்துக் கதையாத்தான் எழுதச் சொல்லுவேன், ஒங்க கதைய கேட்டு முடிச்ச பெறகு அத அவங்களுக்கு ஒரு வேலையாக் குடுங்க, யாரு கண்டா, நம்ம ஃபெக்டரிச் சாமி ரோதமுனியும் தோரும் ஒரே ஃபெக்டரியில சந்திச்சு யாரு சத்தம் பெருசுன்னு பேசிக்குவாங்க.

பசறைப்பொண்ணு:

டீச்சரக்கா, கொடூரமான எடத்த பத்தி மட்டும் நான் சொல்றேன், வீட்டுல தம்பி தங்கச்சிக்கு கதை சொல்ற ஆளு நான். அத வெட்டாதீங்க. பிள்ளைங்க காட்டேறி கதையும் முனி கதையும் கேட்டு வளந்தவங்க, ரத்தத்துக்குப் பயப்பட மாட்டாங்க, சொல்றவங்க பூசி மெழுகினா ஒடனே கண்டுபுடிச்சுருவாங்க. குடல்னு ஒரு தடவ சொல்லிட்டு அங்கயே நிக்காம சிகினுக்கு வந்துருங்க. லோகிய கட்டிப் போட்டு தலைக்கு மேல பாம்பு ஒண்ண தொங்க விடுறாங்க, வெசம் சொட்டுச் சொட்டா மூஞ்சியில விழணும்னு. பொண்டாட்டி சிகின் பக்கத்துலயே நின்னு கிண்ணத்த ஏந்திக்கிட்டு இருக்கா. கிண்ணம் நெரம்பினா ஊத்தப் போகணும், அந்த நேரம் மட்டும் வெசம் அவன் மேல விழும், அவன் துடிக்கிற துடிப்புதான் பூமி அதிர்ச்சி. இவ்வளவு கெட்டது செஞ்சவனுக்காக ஒருத்தி கிண்ணம் ஏந்திக்கிட்டு நிக்கிறாளேன்னு நான் சொன்னப்ப என் தங்கச்சி, அவ கை வலிக்காதான்னு கேட்டா. செத்துப் போன பையன் அவளுக்கும் மகன்தான், அதையும் மறைக்காம சொல்லுங்க. ஏட்டுல சிகினுக்கு ரெண்டு வரிதான், ஆனா அவ மனசுல இப்படி நெனைச்சா அப்படி நெனைச்சான்னு நம்ம எழுதிப் போட வேணாம், பிள்ளைங்க கேக்கட்டும், பிள்ளைங்களே பேசட்டும்.

இன்னொண்ணு, முதல் கதையா தோர் கல்யாணப்பொண்ணு வேசம் போடுறத வைங்க. த்ரிம்ன்ற அரக்கன் சம்மட்டிய திருடி ஒளிச்சு வச்சுக்கிட்டு ஃப்ரெய்யான்ற பெண் சாமிய கட்டிக் குடுத்தாத்தான் தருவேங்குறான், அவ மாட்டேன்னதும் தோருக்கே முக்காடு போட்டு நகை மாட்டி அனுப்புறாங்க. பொண்ணு பந்தியில உக்காந்து ஒரு முழு மாடு, எட்டு சால்மன் மீனு, மூணு பீப்பா தேன் கள்ளு முடிக்கிறா, மாப்பிள்ள மெரண்டு போய் கேக்குறான், கூட வந்த லோகி ஒடனே, ஒங்க மேல உள்ள ஆசையில எட்டு ராத்திரியா சாப்பிடலங்குறான். எங்க வீட்டுல இந்த எடத்துக்கு வந்தா அம்மாவே குசினியிலருந்து வந்து உக்காந்துரும். சிரிச்சு வந்த பிள்ளைங்கதான் பால்டருக்கு அழும்.

தலவாக்கலை_டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு அக்கறையா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. தொரை யோசனைய விட்டுட்டேன், காமன்பொட்டல் அண்ணன் சொன்ன மாதிரி எடம் அவங்களோடது, வாய் நம்மளோடதுன்னு வச்சு எழுதப் போறேன். வரிசை இப்படி: கல்யாண வேசம், ஆட்டு எலும்பு, அதுலருந்து தியால்வி கூட உட்கார்டுன்ற அரக்கர் கோட்டைக்குப் போய் தோர் தோக்குறது, ஓநாய கட்டுறது, பால்டர், சிகின், கடைசியா சாமிங்களும் ஒலகமும் அழியிற ரக்னரோக்.

தோர் தோக்குற கதைய நான் விடவே மாட்டேன், எங்க பிள்ளைங்களுக்கு அது அவசியம்னு தோணுது. கொம்புல உள்ளத குடிச்சு முடிக்க முடியல, ஒரு பூனைய தூக்க முடியல, ஒரு கெழவிகிட்ட மல்லுக்கட்டி முட்டி போட்டுர்றாரு, மறுநாள்தான் தெரியுது கொம்போட அடி கடல்ல இருந்துச்சு, பூனை ஒலகத்த சுத்திக் கெடக்குற பாம்பு, கெழவி வயசு. அவரு குடிச்ச குடியில கடலே வத்தி எறங்கிருச்சுன்றாங்க, தோத்தவரப் பாத்து அந்த அரக்கன்தான் உள்ளுக்குள்ள நடுங்கியிருக்கான். ஓநாய் கதையில கயிறு செய்ற ஆறு சாமானையும் நான் சொல்றப்ப பிள்ளைங்க கையில வெரல் விட்டு எண்ணட்டும்னு இருக்கேன், பூனையோட காலடிச் சத்தம், பொம்பளையோட தாடி, மலையோட வேர், கரடியோட நரம்பு, மீனோட மூச்சு, குருவியோட எச்சில்.

பழைய_ஏடு சேர்கிட்ட ஒரு கேள்வி மட்டும் மிச்சம். ரக்னரோக்க எங்க நிறுத்துறது? ஓடின ஓநாய் முழுங்கி, தோர் பாம்ப கொன்னுட்டு ஒம்பது அடி நடந்து விழுந்த எடத்துல நிறுத்துனா பிள்ளைங்க ராத்திரி வீட்டுக்கு அதோட போவாங்க.

பழைய_ஏடு:

அங்க நிறுத்தாதீங்க டீச்சர், பாட்டே அங்க நிறுத்தல. கடலுக்குள்ள போன பூமி திரும்ப பச்சையா மேல வருது, வெதைக்காத காட்டுல தானா வெளையுது, பால்டரும் அவன கொன்ன அந்தக் கண்ணு தெரியாத ஹோடும் ரெண்டு பேரும் திரும்பி வந்து ஒண்ணா இருக்காங்க. பழைய சாமிங்க வெளையாடின தங்கக் காய்ங்கள மிச்சம் இருக்கிறவங்க புல்லுல தேடி எடுக்குறாங்க. லிவ், லிவ்த்ராசிர்ன்னு ரெண்டு மனுசங்க ஒரு காட்டுக்குள்ள ஒளிஞ்சு, வெடியக்காலத்துப் பனித்தண்ணிய குடிச்சு பொழச்சுக் கெடக்குறாங்க, அவங்ககிட்டருந்துதான் மறுபடி சனம் பெருகுது. ஒண்ணு மட்டும் கவனமா பாத்துக்கங்க, அந்தப் பாட்டோட கடைசில ஒரு கறுப்பு நாகம் றெக்கையில பொணங்கள சொமந்துக்கிட்டு பறந்து வருது, ஸ்நோரி அத தன் கதையோட முடிவுல வைக்கல. நீங்க வைக்கிறதா வேணாமான்னு பிள்ளைங்க மொகத்த பாத்து முடிவு பண்ணுங்க. ஃபோட்டோகொப்பி அடிக்க முந்தி முதல் கதைய இங்க போட்டுருங்க, பேருங்கள எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி எழுதியிருக்கான்னு நான் பாத்துத் தர்றேன்.